என் மகளின் இழவை நானே சொன்னேன்

மூல்பாக்
3 நவம்பர் 1940

புர்கெலே, என் கண்ணே,

சுகமா? ரெண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வலிப்பு வந்து சோர்ந்து கிடக்கிறாயோ, உருளைக்கிழங்கு தோல் சீவிச் சீவிக் கை ஓய்ந்துவிட்டதோ? அந்த வலிப்புக்காரர் இல்லத்தில் உங்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரியிடம் சொல்லி ரெண்டு வார்த்தை எழுதி அனுப்பினால் என்ன, மகாராணி?

இங்கே பன்றி அடித்தாயிற்று. ஈரல் தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறேன். வார்டு முழுக்கப் பங்கு வைத்துவிடாதே. போன வாரம் கொல்லர் போய்ச் சேர்ந்தார். வழக்கம்போல நான்தான் கறுப்பு முக்காடு போட்டு வீடு வீடாக இழவு சொல்லப் போனேன். இருபது வருஷமாக இந்த ஊரில் யார் எதனால் செத்தார், எப்போது அடக்கம் என்பது என் வாயால்தான் தெரிகிறது. என்னைக் கண்டால் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு உன்னைக் கூட்டிவர வருவேன்.

அம்மா


அரசு மருத்துவ இல்லம்
21 நவம்பர் 1940

திருமதி கிரெஸென்ஸ் ஹாகென்மயர் அவர்களுக்கு,

தங்கள் மகள் வால்புர்கா, மேலிடத்து ஆணைப்படி எங்கள் இல்லத்துக்கு மாற்றப்பட்டு, 18ஆம் தேதி குடல்வால் அழற்சியால் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். தொற்று அபாயம் கருதி உடல் உடனே எரிக்கப்பட்டது. தீராத நோயுடைய அவருக்கு மரணம் ஒரு விடுதலையே. கலசம் தேவையெனில் பதினான்கு நாட்களுக்குள் எழுதவும்.

ஹைல் ஹிட்லர்!
தலைமை மருத்துவர்


மூல்பாக்
11 டிசம்பர் 1940

புர்கெலே,

உன்னை ஒரு தகரக் கலசத்தில் அனுப்பினார்கள். ஒரு கோழியின் கனம்கூட இல்லை.

குடல்வாலாம். உன் பதினோராம் வயதில் அதை அறுத்து எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலை உருட்டியவள் நான். இல்லாத குடல்வால் எப்படி வீங்கும்? நாலு வகுப்புப் படித்த எனக்குத் தெரிவது அந்த டாக்டருக்குத் தெரியவில்லை.

கட்சியின் தெருப் பொறுப்பாளர் ஃபெட்ஸர் வந்தார். இந்தச் சாவை மட்டும் வீடு வீடாகச் சொல்ல வேண்டாம், கமுக்கமாகப் புதைத்துவிடுங்கள் என்றார்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கக்கா. உங்களையும் கொண்டு போயிடுவாங்க."

"குடிச்சுத்தான் ஈரல் போச்சுன்னு சொல்லாதீங்கன்னு உங்கப்பன் செத்தப்பவும் கெஞ்சினே. அப்பவும் உள்ளதைத்தானே சொன்னேன், தம்பி" என்றேன்.

மறுநாள் பட்டப்பகலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எல்லா வாசலிலும் ஒரே பேச்சு: "என் மக வால்புர்கா செத்துட்டா. குடல்வால்னு எழுதியிருக்காங்க. அவளுக்குக் குடல்வாலே கிடையாது. கொன்னுட்டாங்க. செவ்வாய்க்கிழமை ஒம்பது மணிக்கு அடக்கம்."

சிலர் கதவைச் சாத்தினார்கள். தையற்காரி ஓட்டிலியா என்னை உள்ளே இழுத்து ஒரு காகிதம் காட்டினாள். அவள் தம்பி செத்துப்போனதாக அவளுக்கு வந்தது. பெயரும் நோயும் வேறு. மற்ற வரியெல்லாம் உன்னைப் பற்றி எனக்கு வந்ததேதான்.

நேற்று அடக்கத்துக்குப் பாதி ஊர் வந்தது. ஃபெட்ஸர் கல்லறை வாசலில் நின்று வந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். என் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காவல் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆணை வந்திருக்கிறது. போவேன். அதற்குள் எனக்கு வேலை இருக்கிறது. நீ முன்பு இருந்த இல்லத்துக் கன்னியாஸ்திரியைப் பார்த்தேன். ஜன்னல்களில் சாயம் பூசிய பஸ் வந்து உங்களில் எழுபது பேரை ஏற்றிப் போனதாகச் சொல்லி அழுதாள். பெயர்களைக் கேட்டேன். சொன்னால் தன்னையும் கொண்டுபோவார்கள் என்று உள்ளே ஓடிவிட்டாள்.

எழுபது வீட்டுக்கும் இழவு சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், கண்ணே, எந்த ஊர்ப் பிள்ளை?