அம்மாவின் கண்ணில் வைத்த கடதாசி

கீழ்ப்பிரிவு,
அக்கரப்பத்தனை.
பெப்ரவரி 9

அன்புள்ள சுதர்ஷினி அக்காவுக்கு,

தங்கை கௌசி எழுதிக்கொள்வது. நீங்கள் இருக்கிற வத்தளை விலாசத்தைப் உங்கள் சிநேகிதி பிரியந்தி அக்கா தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கொடுத்தார். மூன்று கிழமையாக அந்தத் துண்டை மறைத்து வைத்திருந்தேன். போனில் பேசலாம்தான். ஆனால் ஒரே வரிசையாக ஒட்டின இந்த லயத்தில், நம் காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். போனும் அம்மாவிடம்தான் இருக்கிறது. எனக்குப் பேச வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். அம்மாவுக்குக் கண் சரியில்லை. பயப்படாமல் முழுவதையும் படியுங்கள்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நாலைந்து மாதமாகவே அம்மாவின் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல். மலையில் காற்று அடித்தால் தண்ணீர் தாரையாக வழியும். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது கையை எடுத்துத் துடைக்க முடியாது, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த காம்பரா ரத்னா அக்கா ஒரு நாள் நிறை பார்க்கிற இடத்தில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏ பேச்சி, சொல்லாமப் போனவளுக்காக இன்னும் எத்தன மாசந்தான் அழுவ?" என்று கேட்டுவிட்டார். அம்மா, "காத்து அடிக்குது, தண்ணி வருது. ஒனக்கென்ன வந்துச்சு?" என்று கொழுந்தைக் கொட்டிவிட்டு வந்துவிட்டார்.

அப்புறம் லயத்து வைத்தியம் எல்லாம் நடந்தது. ரத்னா அக்காவே மனசு கேட்காமல் தன் மகளைக் கூட்டி வந்தார். அவளுக்குக் கைப்பிள்ளை இருக்கிறது. தாய்ப்பால் நாலு சொட்டு விட்டால் கண் குளிர்ந்துவிடும் என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, வெளியே ஓடிவிட்டேன். அதில் குணமாகவில்லை. பிறகு பொன்னையா மாமா கண் ஆப்பரேசன் செய்தபோது கொடுத்த மருந்தில் அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தார். விட்ட இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. ஆகா என்று அந்தப் போத்தல் எங்கள் காம்பராவிலிருந்து இன்னும் மூன்று காம்பராவுக்குப் போய் வந்தது. பிறகு வலது கண் முன்னைவிட மோசமாகி, காலையில் இமையைத் திறக்கவே அம்மா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. போன புதன்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

சிங்களத்தில் நான்தான் பேச வேண்டியிருந்தது. நீங்கள் இருந்தால் நீங்கள் பேசியிருப்பீர்கள், நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருப்பேன். டொக்டர் ஒரு பெண். நல்ல மாதிரி. ஆப்பரேசன் மருந்து விட்டதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் விடவே கூடாது, திறந்து ஒரு மாதமானால் சொந்தக்காரரே வீசிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கண்ணை மரக்க வைக்கிற ஒரு சொட்டு விட்டு, விரல் நீளத்தில் மெல்லிய கடதாசித் துண்டு இரண்டை மடித்து, இரண்டு கீழ் இமையிலும் கொழுவிவிட்டார். அம்மா ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடதாசியில் கோடுகள் இருக்கின்றன. ஈரம் பத்துக் கோட்டையாவது தாண்ட வேண்டுமாம். அம்மாவுக்கு மூன்றோடு நின்றுவிட்டது.

இவ்வளவு தண்ணீர் வழிகிறதே, எப்படி என்று கேட்க நினைத்தேன். டொக்டரே சொன்னார். கண்ணை எப்போதும் நனைத்து வைத்திருக்கிற கண்ணீர் வேறாம். அதில் எண்ணெய்ப் பசை இருக்கும், கண்ணில் ஒட்டி நிற்கும். அது குறைந்தால் கண் காய்ந்து உறுத்தும். உறுத்தினதும் வெறும் தண்ணீர் குபுகுபுவென்று வரும், நிற்காமல் வழிந்துவிடும். எனக்கு நம் மலைதான் ஞாபகம் வந்தது. காய்ந்து கிடக்கிற நேரத்தில் பெய்கிற மழை மண்ணில் ஊறாமல் வடிகான் வழியே ஓடிவிடுமே, அப்படி.

மஞ்சள் மருந்து விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது வலது கருவிழியில் சின்னச் சின்னக் கீறல். கவனிக்காமல் விட்டால் புண்ணாகிக் கிருமி பிடித்துப் பார்வையைக் கெடுக்கும் என்றார். செயற்கைக் கண்ணீர் என்று ஒரு மருந்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை. படுக்கும்போது பசை மாதிரி ஒன்று. மாலையில் சுடுதண்ணீரில் பிழிந்த துணியை மூடிய இமை மேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அடுப்புப் புகை ஆகாது. வாயும் காய்கிறதா என்று கேட்டு, ஆமாம் என்றதும், வேறு நோயா என்று பார்க்க இரத்தமும் எடுத்தார்கள்.

இதில் ஒரு கூத்தைக் கேளுங்கள். கண் காய்ந்துவிட்டது என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே தெம்பு. கிளினிக் புத்தகத்தைக் காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்கே கொண்டுபோய்விட்டார். "பாத்துக்கங்க, பெரிய டொக்டரே எழுதியிருக்கு. இது வியாதி. நா யாருக்காவும் அழுவல" என்று எல்லோருக்கும் காட்டினாராம். ஆண்டியப்பன் கங்காணி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்றாராம். அதனால் நீங்களும் அம்மா உங்களை நினைத்து அழுகிறார் என்று யாராவது சொன்னால் நம்பிக் கவலைப்பட வேண்டாம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதைப் பிரியந்தி அக்கா சொல்லியிருப்பார். அதற்கும் நீங்கள் போனதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை கௌசி

***

கீழ்ப்பிரிவு,
அக்கரப்பத்தனை.
மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கு அடுத்த கிழமை அம்மாவின் போன் இரண்டு தடவை அடித்தது. அம்மா எடுக்கவில்லை. வைக்கவும் இல்லை. அடித்து முடியும் வரை நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். "லோன் குடுக்குறவனுங்க" என்றார்.

போன கடிதத்தில் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். டொக்டரிடமும் மறைத்தேன். அதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

முதல் நாள் கிளினிக்கில் டொக்டர், வேறு ஏதாவது மருந்துக் குளிசை குடிக்கிறாரா என்று கேட்டார். நான் தமிழில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, "இல்லன்னு சொல்லு" என்றார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பவுடர் டின்னுக்குள் சின்ன மஞ்சள் குளிசை இருக்கிறது, அக்கா. குளிர் காலத்தில் தும்மலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுப்பார்களே, அதுதான். அதைக் குடித்தால் தூக்கம் வரும் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் போன மாதத்திலிருந்து குடிக்கிறார். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. தோட்டத்தில் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள் என்று டவுனில் ஒரு கடையில் வாங்குகிறார். அம்மாவுக்குத் தும்மல் நின்று எத்தனையோ மாதமாகிறது.

அது கண்ணைக் காய வைக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. இரத்தம் எடுத்த பிறகு, அந்தச் சோதனை எதற்கு என்று நர்ஸ் சொன்னார். கண்ணும் வாயும் சேர்ந்து காய்ந்தால், உடம்பு முழுக்கப் பாதிக்கிற ஒரு நோயாகவும் இருக்கலாமாம். சில குளிசைகளாலும் காயும், அதனால்தான் டொக்டர் கேட்டார் என்றார். பஸ்ஸில் வரும்போது அம்மா தூங்கிவிட்டார். நான் தலவாக்கலை வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் மருந்தை ஒழுங்காக விட்டோம். மலையில் அம்மாவால் தன் கையால் விட்டுக்கொள்ள முடியாது, கையெல்லாம் கொழுந்துக் கறை. அதனால் தேத்தண்ணி நேரத்துக்கு நான் போத்தலோடு மேலே ஏறிப் போவேன். பெண்கள் எல்லோரும், "ஏய், பேச்சி கண்ணுக்குத் தேத்தண்ணி வந்திருச்சு!" என்று சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அம்மா கூடையோடு அண்ணாந்து நிற்பார். நான் குனிந்துகொண்டே போய்க் குனிந்துகொண்டே வந்துவிடுவேன். சமையலும் இப்போது நான்தான். இவ்வளவு செய்தும் வலது கண் ஆறவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பறித்ததில் முற்றின இலையும் சேர்ந்துவிட்டது என்று கங்காணி இரண்டு நாள் ஏசினார்.

மார்ச் ஐந்தாம் தேதி மறுபடியும் போனோம். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. கீறல் மட்டும் ஆழமாகியிருக்கிறது. டொக்டருக்கு ஏன் என்று புரியவில்லை. இமையின் மூக்குப் பக்க ஓரத்தில் கண்ணீர் வடிகிற ஊசித் துவாரம் இருக்கிறது, அதைக் கடுகை விடச் சின்ன அடைப்பால் மூடிவிட்டால் இருக்கிற கண்ணீராவது கண்ணில் தங்கும் என்றார். கானுக்குக் கல் வைத்து அடைக்கிற மாதிரி. அதற்கு ஏப்ரல் இரண்டாம் தேதி வரச் சொல்லிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே, வேறு மருந்து ஒன்றும் இல்லைதானே என்று சும்மா கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். பையிலிருந்து பவுடர் டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தேன். அதுவரைக்கும் அதைக் காட்டுவேனா என்று எனக்கே தெரியாது. பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பேரும் பார்த்தார்கள். எனக்குக் காது எரிந்தது.

டொக்டர் ஒரு குளிசையை எடுத்துப் பார்த்து, எத்தனை மாதமாக என்று கேட்டார். ஒன்பது என்றேன். இதுவும் காரணம், இதை நிறுத்தாமல் எதைச் செய்தாலும் பாதிதான் பலன் என்றார். தும்மலுக்கா என்று கேட்டார். தூங்குவதற்கு என்றேன். ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டார். நான் டின்னின் மூடியைத் திருகி மூடினேன். தூக்கத்துக்கு வேறு கிளினிக் இருக்கிறது, கடிதம் தரட்டுமா என்றும் கேட்டார். அதை அம்மாவிடம் சொன்னதும், "பைத்தியக்கார கிளினிக்குக்கு அனுப்பப் பாக்குறியா என்னைய?" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒருத்தி சொல்லாமப் போயி மானத்த வாங்குனா, நீ சொல்லி வாங்கிட்ட" என்றார். அவ்வளவுதான் பேசினார். கோபத்தில் சொன்னது. உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்ததால் எழுதிவிட்டேன்.

குளிசையை நிறுத்திப் பதினொரு நாளாகிறது. வாய் காய்வது குறைந்திருக்கிறது. உறுத்தலும் கொஞ்சம் பரவாயில்லை என்று நேற்று ரத்னா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் இல்லை. கண் முழுக்க ஆற இன்னும் சில கிழமை எடுக்கும். ஆனால் தூக்கம் இல்லை. காலையில் பாயைச் சுருட்டும்போது அதில் படுத்த தடமே இருப்பதில்லை. மலையில் இரண்டு தடவை கால் தடுக்கியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போக வேண்டும் என்கிறார். எதற்கு என்று எனக்குத் தெரியும். கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். திரும்பவும் தொடங்கினால் அந்தக் கண்ணை என்னால் காப்பாற்ற முடியாது, அக்கா. நான் களைத்துப்போய்விட்டேன். ஆறு தடவை மருந்து விடுவேன், துணி பிழிந்து வைப்பேன், டின்னை ஒளித்து வைப்பேன். தூக்கத்தை மட்டும் நான் எங்கே போய் வாங்கிவருவது?

நீங்கள் செய்தது சரியா பிழையா என்று நான் கேட்கவில்லை. உங்களைக் கூட்டிப்போன மச்சான் நல்லவர் என்று பிரியந்தி அக்கா சொன்னார். அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். போன் எடுக்க அம்மாவால் முடியாது. எடுத்தால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். நீங்கள் லயத்துக்கும் வர வேண்டாம். அம்மா முதல் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அம்மாவே நினைத்தாலும் திறக்க முடியாது.

அதனால் ஏப்ரல் இரண்டாம் தேதி, புதன்கிழமை, கண் கிளினிக்குக்கு வாருங்கள். இரவு பஸ் எடுத்தால் விடிய வந்துவிடலாம். நாங்கள் ஏழு மணிக்கெல்லாம் நம்பர் எடுத்துவிடுவோம். கூப்பிடப் பதினொரு மணியாகும். நான் அம்மாவுக்கு அடுத்த இடத்தில் பையை வைத்து யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன். மன்னிப்பு கேட்க வேண்டாம், விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உட்காருங்கள், போதும்.

அந்த நீள வாங்கில் உட்கார்ந்திருக்கிற எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான், அக்கா. எல்லோர் கையிலும் கண் துடைக்கிற லேஞ்சி. ஏன் அழுகிறாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற,
கௌசி