பொறி பறந்த தூரம்

ஆனி 4, செவ்வாய்

சோளகக் காற்று. ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் மணல்.

சித்தப்பாவுடன் தொண்டைமானாறு. நீரேரி கடலோடு சேரும் இடத்தில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ஈய நிறம். ஈப்போவில் அப்பா “எங்கடை ஊர், எங்கடை ஊர்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தானோ. பிறந்தது முதல் கேட்ட ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்பாவின் கடிதம். யாழ். பெண்கள் பாடசாலை ஒன்றில் வேலை இருக்கிறதாம். ஊர் பிடித்தால் அங்கேயே இரு, பிடிக்காவிட்டால் கப்பலேறு. ஆவணிக்குள் பதில் வேண்டும். ஓர் ஊரை எதில் நிறுப்பது? இன்று பார்த்த கடலை ஒரு தட்டில் வைத்தாயிற்று. மற்றத் தட்டில் என்ன வைப்பது என்று தெரியவில்லை.

சித்தப்பா யாழ்ப்பாணத்தில், வீட்டோடு அச்சுக்கூடம் வைத்து, வாரப் பத்திரிகை நடத்துகிறார். அதற்கு நான் பயணக் குறிப்பு எழுத வேண்டுமாம். “எங்கடை குடும்பத்திலை பி.ஏ. முடிச்சது நீதான் முதல். சும்மா இருந்து கண்ணாடி துடைக்கிறதே?” பெயர் போடவேண்டாம் என்று கெஞ்சினேன். ‘மலாயா மங்கை’ என்று போடுவாராம். கூச்சம்.

வாங்க: மை, ரவிக்கைத் துணி, இருமல் மருந்து.

ஆனி 6, வியாழன்

ரெயிலில் சாவகச்சேரி. பிறகு மாட்டு வண்டியில் மூன்று மைல், தென்னை நிழலிலேயே. ஓலைக் கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று. ரீச்சர் கனகம்மா, நீர்வேலிக்காரி, என் வயதுதான். இந்த மாதம் முதல் எல்லாப் பிள்ளைகளையும் வாங்குப் பலகையில் இருத்துகிறார். இதுவரை சில சாதிப் பிள்ளைகளுக்கு வெறும் நிலம். எல்லோரும் சமமாய் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தும் பல பள்ளிகளில் அப்படியேதான் இருக்கிறதாம்.

வாங்கின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண். விழுந்துவிடுவாள் போல இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு. பாடம் முடியும்வரை பிடி விடவில்லை.

வெளியே மூன்று கல் அடுப்பில் மத்தியானக் கஞ்சி. காற்றில் ஒரு பொறி எழும்பி வேலி வரை போய் அணைந்தது. பார்க்க அழகு.

கஞ்சி கொதிக்கும் நேரம் இரண்டு பேர் வந்தார்கள். நான் ஆண்களைக் கண்டு ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். குரல் தெரிந்த குரல்: சித்தியின் அண்ணை, மாணிக்கம் மாமா.

“ரீச்சர், வாங்கு கனக்கப் போட்டிட்டியள் போலை.”

“மனேச்சர் தந்த வாங்கு, ஐயா.”

“வாங்கு மரம்தானே. மரம் எரியும்.”

மற்றவர் சிரித்தார். நான் வெளியே வரவில்லை. ரீச்சர் அகப்பையை நிறுத்தாமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் அடுப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். தினமும் அப்படித்தானாம். என் சேலையில் சாம்பல் தெறித்தது.

ஆனி 7, வெள்ளி

காலை முழுவதும் எழுத்து. பதினொரு பக்கம். “கஞ்சி அடுப்பின் பொறிகள் கூரைக்கு மேல் மின்மினிகளாய்ப் பறந்தன.” உண்மையில் ஒரு பொறி, அதுவும் வேலியோடு சரி. ஆனால் வேலி என்று போட்டால் வாக்கியம் நொண்டுகிறது. தண்ணீர் ஊற்றியதை எழுதவில்லை. கரியும் சேறும், அதில் என்ன அழகு.

வாங்கு விஷயம் எழுதினேன். வந்த இருவர் சொன்னதையும் எழுதினேன், பெயர் இல்லாமல்.

இருமல் குறையவில்லை.

ஆனி 9, ஞாயிறு

பத்திரிகை வந்தது. தென்னை, காற்று, மின்மினி எல்லாம் இருக்கின்றன. வாங்கு இல்லை. வந்த இருவரும் இல்லை.

“உது அரசியல், பிள்ளை,” என்றார் சித்தப்பா. “பயணக் குறிப்பிலை அரசியலைக் கலந்தால் வாசிக்கிறவனுக்குத் தலையிடி.”

மத்தியானம் மாணிக்கம் மாமா சாப்பாட்டுக்கு வந்தார். சித்தி அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினார். “மின்மினியாமே! ஏன் மோளே, மலாயாவிலை உது இல்லையோ?” என்று சிரித்தார் மாமா. “வடிவாய் எழுதியிருக்கிறாய்.” கத்தரிக்காய்க் குழம்பு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். நான் புன்னகைத்தேன். புன்னகைத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆனி 12, புதன்

காற்று விழுந்துவிட்டது. நேற்றிலிருந்து ஓலை அசையவில்லை. புழுக்கம்.

சித்தப்பாவின் அச்சுக் கோப்பவர் காலையில் வந்து சொன்னார்: கனகம்மா ரீச்சரின் பள்ளிக்கூடம் இரவோடு இரவாக எரிந்துபோயிற்று. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. “ஒரு வாங்கும் மிஞ்சேல்லை, தங்கச்சி.”

“ஆர் செய்தது?” என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

“நெருப்பு,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனி 16, ஞாயிறு

பத்திரிகை. நாலாம் பக்கம். “ஆசிரியையின் கவனக்குறைவால் பாடசாலை தீக்கிரை. கஞ்சி அடுப்பின் பொறிகள் கூரைக்கு மேல் பறந்ததை நமது மலாயா மங்கை தம் கண்ணாலேயே கண்டு முன்னரே எழுதியுள்ளார்.”

மூன்று முறை வாசித்தேன்.

“நான் இப்பிடிச் சொல்லேல்லையே, சித்தப்பா.”

“எழுதினது உன்ரை கைதானே?”

“வேலி வரைக்கும்தான் பறந்தது. ஒரே ஒரு பொறி.”

“அப்ப ஏன் கூரை எண்டு எழுதினனீ?”

வடிவுக்காக என்று எப்படிச் சொல்வது.

மாமா வந்து சொன்னதைப் போடுங்கள் என்றேன். சித்தி சமையலறையிலிருந்து, “ஆரைப் பற்றிக் கதைக்கிறாய் எண்டு தெரியுதோ உனக்கு?”

கொழும்புப் பத்திரிகையில் இரண்டு வரி. ‘தீ விபத்து.’ பக்கத்தில் மலைநாட்டு ரோசாப்பூக்களைப் பற்றி அரைப் பக்கம்.

ஆனி 17, திங்கள்

தனியாக நீர்வேலி. இப்படித் தனியாகப் போனது இதுவே முதல் முறை. செம்மண், வாழைத் தோட்டம், வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் சத்தம். இவ்வளவு அழகான இடத்தை நான் கண்டதில்லை. இன்று அது எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளி மனேச்சர் கனகம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். புதன்கிழமை ஊர்த் தலைமைக்காரர் விதானையாரின் விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் இனி எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காதாம். அவர் சம்பளத்தில் தம்பிமார் மூன்று பேர் படிக்கிறார்கள்.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே, “நீங்கள் வடிவாய்த்தான் எழுதினீங்கள், அக்கா. வந்த அண்டைக்கே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், என்ரை பள்ளிக்கூடம் பேப்பரிலை வந்திருக்கெண்டு” என்றார். கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

“அந்த ரெண்டு பேரும் வந்து வெருட்டினதை விதானையாருக்குச் சொன்னீங்களா?”

“சொன்னன். சாட்சி எங்கை எண்டு கேட்டார். நீங்கள் தட்டிக்குப் பின்னாலை நிண்டது எனக்குத் தெரியும். உங்கடை சொந்தக்காரர். எப்பிடிக் கேக்கிறது?”

வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆனி 19, புதன்

விதானையார் வீட்டு விறாந்தை. மாணிக்கம் மாமா கதிரையில். கனகம்மா நின்றுகொண்டு. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“மலாயாப் பிள்ளையோ? வா மோளே, இரு,” என்றார் மாமா. உட்காரவில்லை.

பொறி வேலியோடு அணைந்தது, கூரை என்று எழுதியது என் பொய், மூன்று மணிக்கு அடுப்பில் தண்ணீர் ஊற்றியதைக் கண்டேன், எரிந்த அன்று காற்றே இல்லை. எல்லாம் சொன்னேன், குரல் எழும்பாமல். விதானையார், “உரத்துக் கதையுங்கோ, பிள்ளை” என்றார். இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாம் முறை, வாங்கு எரியும் என்று சொன்னவர்களைப் பற்றி.

மாமா சிரித்தார். “பேப்பரிலை எழுதினது பொய், இப்ப சொல்லுறது மெய்யாம். நல்ல பி.ஏ.!” விறாந்தை முழுவதும் சிரித்தது.

விதானையார் எழுதியதைக் கையெழுத்துக்கு நீட்டினார். வாசித்தேன். “காற்று எப்படி இருந்ததென்று சாட்சிக்குத் திட்டமான ஞாபகம் இல்லை. வந்தவர்கள் இன்னார் என்று தெரியாது.”

கையெழுத்து வைக்கவில்லை. வேறு கடதாசி கேட்டேன். நின்றபடியே தூணில் வைத்து எழுதினேன். ஒன்பது வரி. உவமை எதுவும் இல்லை. கடைசி வரியில் மாமாவின் முழுப் பெயரும் ஊரும், கீழே என் பெயர். மங்கை இல்லை, என் பெயர்.

அவர் வாங்கி வாசித்தார். நாலாக மடித்தார். மாமா எழுந்து போய்விட்டார். பதிவில் சேர்ப்பாரா என்று கேட்டேன். “பாப்பம்” என்றார். கனகம்மா என் கையைப் பிடிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்துபோனார்.

விதானையார் வாசல் படலை வரை வந்தார். “பிள்ளை, இனி எந்த வீட்டுக்குப் போகப் போறியள்?”

சாவகச்சேரி ஸ்ரேசனில் வேறு பயணிகள் ஒருவரும் இல்லை. ரிக்கெற் கொடுப்பவரும் அதையேதான் கேட்டார், வேறு விதமாய். உடுப்புப் பெட்டி சித்தப்பா வீட்டில், அப்பாவுக்கு எழுத வேண்டிய பதிலும் அங்கேதான். யாழ்ப்பாணத்துக்கு ஒன்று என்றேன்.