வண்டிக்காரர் கூப்பிட்ட பெயர்

கீழ்வேளூர்,
ஞாயிறு மதியம்.

என் அன்பு மகன் நௌஷாதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் உன்னை நல்ல உடம்போடும் நிம்மதியோடும் வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய்யோடு கடிதத்தைத் தொடங்க மனம் ஒப்பவில்லை. போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் உன் அத்தாவின் தலைமாட்டில் கிடக்கிறது, நீயும் வேலை நேரத்தில் சரிம்மா சரிம்மா என்றே பேச்சை முடித்துவிடுவாய். அடுத்த வீட்டு சித்தீக் லீவு முடிந்து இன்றைக்கு தோஹா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே உனக்குக் கிடைத்துவிடும். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் அத்தா செவ்வாயும் சனியும் டயாலிசிஸுக்குக் கும்பகோணம் போவது உனக்குத் தெரியும். ஐந்தாறு நோயாளிகளை வீடு வீடாக ஏற்றிப் போகும் அந்த வேனை முன்பு ஓட்டியவர் சைபுல்லா. படி உயரம் என்று கையோடு ஒரு முக்காலி கொண்டுவந்து போடுவார், ஊசி ஏறும் இடது கையைத் தொடாமல் வலது பக்கம் தாங்கித்தான் ஏற்றுவார், ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தால் குலுங்காமல் மெதுவாக ஓட்டுவார். போன மாதம் வேன் வேறு ஆளிடம் கைமாறியது, சைபுல்லாவும் போய்விட்டார். புதிதாக வருகிறவன் ஹாரன் அடிப்பான், நாம்தான் அடித்துப் பிடித்து ஓட வேண்டும். ஒருநாள் அந்த இடது கையையே பிடித்து இழுத்தான், அது கையா இல்லை கிணற்றுக் கயிறா என்று கத்திவிட்டேன். எந்தக் கைன்னு பேப்பர்ல எழுதலையேம்மா என்றான். அவனுக்கு ஆளைத் தெரியாது, பேப்பரைத்தான் தெரியும்.

அந்தப் பேப்பரில்தான் நான் தவறு செய்துவிட்டேன் நௌஷாத். வேன் கைமாறியதும் புது ஆளின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்து, பேஷண்ட் பேர் சொல்லுங்கம்மா என்றாள். நிக்காஹ் ஆன நாளிலிருந்து உன் அத்தா பெயரை நான் வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில்கூட கார்டைத்தான் நீட்டுவேன். பழக்க தோஷத்தில் நௌஷாத் அத்தா என்றேன். அவள் நௌஷாத் என்று எழுதிக்கொண்டாள். நான் கூடப் போய் வந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை.

இந்தச் செவ்வாய் எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, உன் அத்தா தனியாகப் போனார். மிஷினிலிருந்து எடுத்து, ஒரு மணிக்கு நர்ஸ் அவரைச் சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரி வாசலில் விட்டிருக்கிறாள். வேன்காரன் கேட்டில் நின்றபடியே நௌஷாத், நௌஷாத் என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். யாரும் வரவில்லை என்று மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். நாலு மணியாகியும் ஆளைக் காணோமே என்று நான் ஆபீஸுக்குப் போன் செய்தால், நௌஷாத்துன்னு யாரும் வரலம்மா, கூப்பிட்டுப் பாத்துட்டாங்க என்கிறாள் அந்தப் பெண். எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடனே சித்தீக்கை அனுப்பினேன், அவன் கார் எடுத்துப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. ஒரு மணியிலிருந்து அதே நாற்காலியில், எழுந்து போக முடியாமல் நனைந்த கைலியோடு, கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வாங்க மாமா போகலாம் என்று சித்தீக் சொன்னதற்கு, இருப்பா, எம்புள்ள வந்திருக்கான், யாரோ அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, என் காதால கேட்டேன், உள்ள என்னத் தேடிக்கிட்டு இருப்பான் என்றாராம். சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்பேன் பாருங்க அத்தா என்று போன மாதம் நீ விளையாட்டாகச் சொன்னாயே, அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுத்தான். வாசல் வரைக்கும் வந்துட்டு எம் மொகத்தப் பாக்காமத் திரும்பிட்டான் என்று மூன்று நாள் உன்னைத் திட்டித் தீர்த்தார். என் தவறைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று காலை ஹாரன் சத்தம் கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்ப அவன் வரவே இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேனும் போய்விட்டது.

அதே சூட்டில் ஆபீஸுக்குப் போன் போட்டு, லியாகத் அலி, லியாகத் அலி என்று இரண்டு தடவை சொன்னேன். எந்தக் கை என்றும் எழுத வைத்தேன், கேட்டுல நின்னு ஏலம் விடாதீங்க, உள்ள வந்து ஆளப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க என்றேன். உன் அத்தா உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேறொரு நாளாக இருந்தால், பரவாயில்லையே, என் பேர் உனக்குத் தெரியுமா என்று ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்திருப்பார். நேற்று போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

இன்றைக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. செவ்வாயும் வராவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டாள். உன் தங்கை ரிஃப்கா வந்து, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க அத்தா என்று காலைப் பிடித்துக் கெஞ்சினாள், எட்டு மாத வயிற்றோடு அவளையும் அழவிட்டு அனுப்பினோம். நான் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை மகனே. லீவு கிடைக்குமா, கிடைக்காதா, உள்ளதை அவரிடமே சொல். செவ்வாய்க்கிழமை, நம் ஊர் நேரத்துக்குக் காலை ஆறரைக்கு வேன் வரும். அதற்கு முன்னால் கூப்பிட்டு, வண்டியில ஏறுங்க அத்தா என்று உன் வாயால் சொல். நான் சொல்லி அவர் கேட்கும் காலம் போய்விட்டது. வெயிலில் வேலை செய்கிறவன் நீ, தண்ணீரை மறக்காமல் குடி, உன் கிட்னியாவது நன்றாக இருக்கட்டும்.

சற்று முன் சித்தீக் பயணம் சொல்ல வந்தான். நௌஷாத்துக்கு என்ன சொல்லட்டும் மாமா என்று கேட்டான். உன் அத்தா கண்ணைத் திறக்காமலே, அவன் வந்தா வாசல்ல நின்னு கூப்பிட வேணாம், உள்ள வந்து பாக்கச் சொல்லு, என்னால எந்திரிச்சு வர முடியாது என்றார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். செவ்வாய் ஆறரை, மறந்துவிடாதே.

உனக்காக துஆ செய்யும் அம்மா,
கமருன்னிஸா