சுருட்டிய தோல்

வாணியம்பாடி, 12-12-1984, புதன்

அமெரிக்காவில் இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் மகள் எஸ்தரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லையாம். மீதியெல்லாம் அவள் தேடும் துகளைப் பற்றித்தான். அது இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது.

தோல் மண்டியில் ரஹீம் பாய், “பாப்பா இன்னா எழுதிக்குது, வாத்தியாரே?” என்றார். வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சுருட்டி வைத்திருந்த தோலைக் காட்டினேன்.

“எட்ட இருந்து பாத்தா இது வெறும் கோடு, பாய். கிட்ட வந்தாத்தான் சுருள் தெரியும். அந்த மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியாம சுருண்ட ஒரு திசை இருக்காம்; அதுலதான் எஸ்தர் தேடுற துகள் ஓடுது. ஓடுறது நமக்குத் தெரியாது. அந்த ஓட்டம் துகளோட கனமா மட்டும் தெரியும்.”

“அந்தப் பேஜாரெல்லாம் உடுங்க. பண்டிகைக்கு வருதா, இல்லியா?”

“லீவு கம்மியாம்.”

அவர் அந்தத் தோலை எடுத்து அடுக்கில் வைத்தார்.

இங்கே இரவு. அமெரிக்காவில் இப்போது பகல். எஸ்தர் எங்கேயோ நடந்துகொண்டிருப்பாள். அது எனக்கு இங்கே கனமாக மட்டும் தெரிகிறது.