வீராணத்தில் உன் கன்வெர்ட்டர்

என் பிரியத்துக்குரிய மச்சான் ராஜவேலு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் ஐந்நூறு எம்.எம். கேமரா லென்ஸும், அது காட்டுவதை இரண்டு மடங்கு பெரிதாக்கும் கன்வெர்ட்டரும் இப்போது சிதம்பரத்தில், என் ஃபோட்டோ ஸ்டுடியோவில் இருக்கின்றன. கடலூர் முதுநகரிலிருந்து உன் மனைவி, அக்காதான் பையோடு கொடுத்தனுப்பினார். லென்ஸை அடிக்கடி எடுப்பேன். கன்வெர்ட்டரைத் தொட்டதில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். உன் ஃபேக்டரி நண்பர்கள் எதிரிலேயே, நீ ஆசையாய்க் காட்டிய பூநாரைப் படத்தைப் பார்த்து, "கன்வெர்ட்டர் போட்டா கஞ்சி மாதிரிதான் மச்சான் வரும்" என்றேன். நீ சிரித்தாய். அப்புறம் எந்தப் படத்தையும் எனக்குக் காட்டவில்லை. கோபமா? கேட்டிருக்கலாம். அதற்குள் ஒருநாள் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

போன ஞாயிறு வீராணம் ஏரிக்குப் போயிருந்தேன், லால்பேட்டைப் பக்கக் கரைக்கு. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு நாரை மட்டும் இறக்கையை அடித்து எழும்பும், உடனே கிளையில் விழும். காலில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பட்டது. அதன் கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த காதர் பாயிடம் படகு கேட்டேன். படகு கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் மிரண்டு கிளம்பும், குஞ்சுகள் தண்ணீரில் விழும் என்றார். "தூண்டில் நரம்பு மாட்டிருக்குன்னு கண்ணால காட்டுங்க தம்பி, போறேன். சும்மா படக உட முடியாது."

அவர் சொன்னது நியாயம். வெறும் லென்ஸில் எடுத்துப் பெரிதாக்கினேன், புள்ளிகள்தான் தெரிந்தன. வேறு வழியில்லாமல் உன் பையில் கையை விட்டேன்.

கன்வெர்ட்டரை மாட்டியதும் உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோஃபோகஸ் நின்றுவிட்டது. கையால் திருப்பினால், கூடு ஒரு நொடி தெளிந்து மறுபடி கலங்கியது. மூச்சு விட்டாலும் ஆடுகிறது, காற்று வேறு. ட்ரைபாடில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டேன். பாய் ஒரு தார்ப்பாயை விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்து நின்றார். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழெட்டுப் படமும் வீண். அதற்குள் நாரை அடித்துக்கொள்வதை நிறுத்தித் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. செத்துவிட்டதோ?

காற்று அடங்கிய ஒரு கணத்தில் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். கஞ்சிதான் மச்சான். ஆனால் அந்தக் கலங்கலுக்குள்ளே காலிலிருந்து கிளைக்கு வெள்ளையாய் ஒரு கோடு ஓடியது. தூண்டில் நரம்பு.

பாய் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு சுத்து சுத்திருக்கு. நீங்க இங்கயே நின்னு போன்ல வழி சொல்லுங்க" என்று கத்தியை எடுத்துக்கொண்டார்.

படகில் மரத்துக்குப் போன பிறகு, இலைகளுக்கு நடுவே அவருக்கு எதுவும் தெரியவில்லை. லென்ஸில் கண்ணை வைத்தபடி இடது, மேலே, அடுத்த கிளை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பறவைகள் திமுதிமுவென்று எழும்பின. ஒரு குஞ்சு சரிந்து தண்ணீரில் விழுந்தது. அதைப் பார்க்க லென்ஸைத் திருப்பியதில் கூட்டையே தவறவிட்டேன். மறுபடி தேடிப் பிடித்தபோது, பாயின் ஈரக் கை அந்தக் குஞ்சைக் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு நரம்பை அறுத்தார். நாரை ஒரு கால் தொங்கத் தொங்கப் பறந்து, பார்வைக்குத் தப்பிப் போய்விட்டது.

பாய் கரைக்கு வந்து படகைக் கட்டினார். மற்ற நாரைகள் எல்லாம் திரும்பின. அது வரவில்லை. சூரியன் மரத்துக்குப் பின்னால் போகிற நேரத்தில் வந்தது. இறங்கத் தெரியாமல் ஒருமுறை சறுக்கி, மறுமுறை ஒற்றைக் காலில் நின்றது. குஞ்சுகள் அலகைத் திறந்தன.

"இத எப்டி பாத்தீங்க தம்பி?" என்றார் பாய்.

"என் மச்சானோட கண்ணாடி, பாய்" என்றேன்.

அந்தக் காலோடு அது எத்தனை நாள் இரை தேடும்? உன் தங்கச்சியும் தினமும் இதையேதான் கேட்கிறாள். குஞ்சுகள் இரண்டும் பறக்கிற வரைக்கும் ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரைக்குப் போவேன் மச்சான். கல்யாண ஆர்டர் வந்தாலும் சரி.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
குமரன்