நீலக்குதிரையின் சிவப்புப் பட்டை

சைதாப்பேட்டை,
ஷவ்வால் பிறை ஐந்து.

அன்பு மனைவி வஜீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் ஜுவேரியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீக்கம் இல்லாமல், ஆஸ்பத்திரி வேலையை நல்லபடியாகப் பார்த்து வர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவனுக்கு இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நன்றாகச் சிரி. போனை எடுத்தாலே உன் மகள் என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம். உன்னோடு வேலை பார்க்கும் சாய்மா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறாளாம். ஊறுகாய், நெத்திலிக் கருவாடு, உன் பழைய மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அவளிடம் கொடுக்கிறேன். அதோடு இதுவும் வருகிறது. கருவாட்டு வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை குறைவில்லாமல் இருக்கிறது. நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய லேத் மெஷின் இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூடப் படுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் பட்டறைக் கோதண்டபாணி தினமும் அதை வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பாய், இத்த எனக்குக் கட்டிக் குடுத்துடு"ன்னு கேட்கிறான். வீட்டில் மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதைச் சரி செய்தாயிற்று. ஜுவேரியா கணக்கில் நல்ல மார்க். தமிழில் மட்டும் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். அது என் வழி, உன்னைக் குறை சொல்ல முடியாது.

பெருநாள் அன்று நீ அனுப்பிய பச்சை கவுனைத்தான் போட்டுக்கொண்டாள். அளவு சரியாக இருக்கிறதா என்று நீ போனில் கேட்டாய். "அச்சா இருக்கு, அல்வாத் துண்டு மாதிரி இருக்கு" என்றேன். வஜீ, போனில் நாங்கள் காட்டியது இடுப்புக்கு மேலேதான். கீழே அது கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை ஏறி நின்றது. பெருநாளும் அதுவுமாக உன் முகம் வாட வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கவுனுக்குக் கீழே வெள்ளைப் பேண்ட் போட்டுச் சமாளித்தாள். பார்க்க அதுவே ஒரு பேஷன் மாதிரி இருந்தது.

இனி நீலக்குதிரை பார்க் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் காகிதமே.

அந்தப் பார்க் திறந்த வருஷம்தான் நமக்குக் கல்யாணம். அன்றிலிருந்து, அது மூடிக் கிடந்த காலம் தவிர, பெருநாளுக்கு மறுநாள் நாம் போகாத வருஷம் கிடையாது. நம் வீடு, கமர் ஜஹான் அக்கா வீடு, கோதண்டபாணி வீடு, மூன்றும் ஒரே வேனில் அடைந்துகொண்டு, கார் நிறுத்துமிடத்துப் புளிய மரத்தடியில் பிரியாணி டேக்சாவைத் திறந்து தின்றுவிட்டு உள்ளே போவோமே. இந்த வருஷம் வேன் கிளம்பவில்லை. டிக்கெட் விலை போன பெருநாளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முன்பெல்லாம் பண்டிகை என்றால் சலுகை கொடுப்பார்கள். இப்போது பண்டிகை என்றால்தான் கூட வாங்குகிறார்கள். வரிசையில் நிற்காமல் போக ஒரு டிக்கெட், பையை வைக்கிற பெட்டிக்கு ஒரு காசு. மூச்சு விடுவதற்கு மட்டும் இன்னும் ரசீது போடவில்லை.

அக்காவிடம் கேட்டேன். முழங்கால் வலியாம். அதே முழங்காலோடு நோன்பு இருபத்தேழில் ரங்கநாதன் தெருவை ஒரு பகல் முழுக்கச் சுற்றியவள் அவள். கோதண்டபாணி மறைக்காமல் சொல்லிவிட்டான்: "இன்னா பாய், அந்தத் துட்டுக்கு நெஜக் குதிரையே வாங்கி வாசல்ல கட்டிக்கலாம். பசங்கள பீச்சுக்கு இட்டுக்கினு போறேன், நீ கோச்சிக்காத." கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவனும் என்ன செய்வான்? அவன் மனைவி முனியம்மாள்தான் பாவம், வருஷா வருஷம் தண்ணீர்ச் சறுக்கில் முதல் ஆளாக இறங்குவாள். எங்களை வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து நின்றாள்.

நானும் போகாமல் இருந்தாலும் இருந்திருப்பேன். ஜுவேரியா மருதாணி வைத்த கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போனில் விலையைப் பார்த்தேன். "யா அல்லாஹ், வஜீஹா நாள் பூரா நின்னுக்கினு சம்பாதிக்கிற துட்டாச்சே இது" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். என் ஓட்டை வாய் உனக்குத் தெரியாததா? ஆனால் இந்த வருஷம் போகாமல் இருக்க முடியாது. சூறாவளி இருக்கிறதே, நீ மட்டும் ஏறி இறங்கி, முடியெல்லாம் கலைந்து, இன்னொரு முறை என்று ஓடுவாயே, அந்தத் தலைகீழாகச் சுற்றும் ரயில். மூன்று வருஷத்துக்கு முன் உயரக் கோட்டுக்கு ஒரு சாண் குறைவு என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் அழுதாள். நீ கண்ணைத் துடைத்துவிட்டு, "கோடு வரைக்கும் வளர்ந்து வாடி, அம்மா பக்கத்துல உக்காந்துக்குறேன்"னு வாக்குக் கொடுத்தாய். அடுத்த பெருநாளுக்கு நீ மஸ்கட்டில் இருந்தாய். அவள் மட்டும் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த நோன்பில்தான் அது பார்க்கின் உயரக் கோட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெருநாளுக்கு மறுநாளும் அதே பச்சை கவுனைத்தான் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் கிண்டியில் பஸ் ஏறிப் போனோம். வாசலில் அந்த நீலக்குதிரைச் சிலை அப்படியே நிற்கிறது. சட்டமும் அதேதான். குதிரையின் முட்டிக்குக் கீழே இருந்தால் சும்மா. வயிற்றில் இருக்கிற சிவப்புப் பட்டை வரைக்கும் அரை டிக்கெட், கையில் மஞ்சள் வளையம். பட்டையைத் தாண்டினால் முழு டிக்கெட், நீல வளையம். பட்டைக்கு முன்னால் நிற்கிற வித்தையை நம் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தது யார்? மகாராணி நீதான். "செருப்பைக் கழட்டு, கொண்டையைப் பிரி, முட்டியை லேசா மடக்கு." அதெல்லாம் நமக்கு ஒரு விளையாட்டு.

நான் முழு டிக்கெட்டுக்கு மனதைத் தேற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஜுவேரியா போய்க் குதிரையருகில் நின்றாள். தலை பட்டைக்குக் கீழேயே இருந்தது. கூட்டத்தில் டிக்கெட் கொடுக்கிற பையனும் சரியாகப் பார்க்காமல் அரை டிக்கெட் என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவள் கவுனைப் பார்த்தேன். தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பரவால்லையே, உங்கம்மா அளவாத்தான் வாங்கியிருக்கா" என்று வேறு சொன்னேன். காலையில் கணுக்காலுக்கு மேலே நின்ற கவுன் பத்து மணிக்கு எப்படித் தரையைத் தொடும்? பட்டறையில் மயிரிழை அளவு பார்க்கிறவன் நான். என் கண்ணில் அது படவில்லை.

தண்ணீர்ச் சறுக்கு, சுற்றும் கோப்பை எல்லாம் முடிந்து சூறாவளிக்குப் போனோம். அவளை ஏற்றிவிட்டு நான் வழக்கம்போல் பைக்கும் செருப்புக்கும் காவல் இருப்பதாகத் திட்டம். முழு டிக்கெட் எடுத்துப் பைக்குக் காவல் இருப்பதால், உலகத்திலேயே விலை உயர்ந்த வாட்ச்மேன் என்று நீ எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறாயே. அங்கே ஆள் ஏற்றுகிற பெண் ஜுவேரியாவின் கையைப் பார்த்துவிட்டு, மஞ்சள் வளையத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே உயரக் கோட்டுப் பலகை இருந்தது. அதில் நிற்க வைத்துப் பாருங்கள், வீட்டில் அளந்துதான் கூட்டி வந்தேன் என்று நான் சண்டைக்குப் போனேன். உன் மகள் பலகைப் பக்கமே போகவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாங்க அத்தா, எனக்குத் தலை சுத்துது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். கவுன் மறுபடி கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை ஏறி நின்றது.

என்னடி இது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா நின்னுக்கினே சம்பாதிக்கிற துட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும் கொஞ்ச நேரம் முட்டிய மடக்கி நின்னேன், அவ்ளோதான்" என்றாள்.

வஜீஹா, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில், கையில் இரண்டு ஜோடிச் செருப்போடு நின்று அழுதேன். மூன்று வருஷம் கதவு நிலையில் கோடு போட்டு வளர்ந்த பிள்ளை, எனக்காக ஒரு நிமிஷத்தில் குட்டையாகிவிட்டாள். சூறாவளியில் ஏற முடியாது என்று தெரிந்தேதான் மடக்கியிருக்கிறாள்.

விடுவேனா நான்? கையைப் பிடித்து வாசலுக்கே இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் கொடுக்கிற பையனிடம், தம்பி, இவளை மறுபடி அளந்து மீதிக் காசை வாங்கிக்கொள் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சார், கம்மி பண்ணச் சொல்லித்தான் எல்லாரும் சண்ட போடுவாங்க" என்றான். நான் ஜுவேரியாவைக் குதிரையருகில் நிறுத்தி, நிமிர்ந்து நில் என்றேன். கூச்சத்தோடு நிமிர்ந்தாள். சிவப்புப் பட்டைக்கு மேலே அவள் நெற்றி முழுக்கத் தெரிந்தது. "முழு டிக்கெட்" என்றான் பையன். பிள்ளை டாக்டர் பட்டம் வாங்கிய மாதிரி நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மஞ்சளை வெட்டி எடுத்துவிட்டு நீல வளையம் கட்டினார்கள்.

அதற்கு அப்புறம்தான் எனக்குச் சோதனை. அவள் தனியாக ஏற மாட்டாளாம். பக்கத்து ஸீட்டில் அம்மா உட்கார வேண்டிய இடம், அதில் வேறு யாரும் உட்காரக் கூடாதாம், அத்தாவானால் சரியாம். மெரினா ராட்டினத்தையே தூரத்தில் நின்று பார்க்கிறவன் நான். பையை அந்தப் பெண்ணின் காலடியில் போட்டுவிட்டு ஏறினேன். கம்பி மார்பில் வந்து விழுந்ததும் கலிமாவை ஆரம்பித்தவன், தரைக்கு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. பின்னால் இருந்த காலேஜ் பசங்கள், "பாய், எங்களுக்கும் சேர்த்து ஓதுங்க" என்று கத்தினார்கள். கண்ணை ஒரே ஒரு முறை திறந்தேன். உன் மகள் இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சு அசல் நீதான். கொடுத்த காசு செரிக்க வேண்டாமா என்று சொல்லி மூன்று முறை ஏறினோம். இரவு சோறு இறங்கவில்லை, ஆனால் வயிறு நிறைந்துதான் இருந்தது.

அன்று சாயங்காலம் போனில் நீ கேட்டாய், சூறாவளியில் ஏறினாயா என்று. அவள், "இல்லம்மா, நீங்க வந்தப்புறம்தான்" என்றாள். போனில் சார்ஜ் இல்லை என்று நான் சட்டென்று வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சார்ஜ் நிறைய இருந்தது. "அம்மாக்கு மனசு கஷ்டமாயிடும், சொல்லிடாதீங்க அத்தா. அவங்க வந்தா மொதல் தடவை மாதிரியே பயந்துக்கினு ஏறுவேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், அதனால் எழுதுகிறேன். நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. பொய் சொன்னாள் என்று பிள்ளையைத் திட்டவும் திட்டாதே.

ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று போன வாரம் என்னைக் கேட்டாய். எல்லாம் விலை ஏறிக்கொண்டே போகிறதே என்றாய். உன் இஷ்டம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அது சும்மா வாய் சொன்னது. என் மனதில் இருப்பதைக் கேள். பார்க்காரன் அடுத்த வருஷமும் விலையை ஏற்றுவான், அதற்கடுத்த வருஷமும் ஏற்றுவான். நீ அங்கே எத்தனை வருஷம் நின்றாலும் அந்த ஓட்டத்தை நம்மால் பிடிக்க முடியாது. பிள்ளையும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறாள். பட்டறை ஓடுகிறது, கூரை ஒழுகவில்லை, நமக்குப் போதும். பார்க்குக்குப் போக முடியாவிட்டால் கோதண்டபாணி குடும்பத்தோடு பீச்சுக்குப் போவோம். முனியம்மாளும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

அடுத்த பெருநாளுக்குக் கவுன் வாங்கி அனுப்பாதே, வஜீ. தி.நகரில் துணிக்கடைக்கா பஞ்சம்? நீயே வந்து, அவளை நிமிர்ந்து நிற்க வைத்து, அளவெடுத்து வாங்கிக் கொடு.

நாள் முழுக்க நிற்கிற உன் கால்களுக்கு அல்லாஹ் வலுவைத் தரட்டும். அந்தக் கால்கள் சீக்கிரமே நம் வீட்டுப் படியேறட்டும், ஆமீன்.

உன் வருகைக்குத் துஆ செய்யும்,
பீர் முஹம்மது