பாறையடிக் கவுதாரி

மார்ச் 3, திங்கள்

கடும் வெயில். பீலிக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர். நான் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் சின்னதுகளுக்குப் பால்மா தீர்ந்தது, தோட்டத்து ஆபீசில் சொல்ல வேண்டும். வாங்க: கருவாடு, சவர்க்காரம், கவிக்குத் தொப்பி.

மகள் கவி கெம்பஸிலிருந்து வந்துவிட்டாள். கடைசி வருட ஆய்வு. எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற புல்மலைதான் பாடமாம். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. மாடு மேய்கிற இடத்துக்குப் பட்டமா என்றார். மகள் கோபப்படவில்லை. ஆப்பிரிக்காவில் சிங்கம் திரிகிற புல்வெளியும் நம் மலையும் ஒரே இனம் என்றாள். தள்ளித் தள்ளி மரம், இடையெல்லாம் புல். அங்கே சிங்கம், இங்கே முயல், பன்றி, கவுதாரி. இந்தக் கவுதாரி இலங்கையில் நம் ஊவாப் பக்கம்தான் இருக்கிறதாம். பிறந்ததிலிருந்து அதன் சத்தம் கேட்கிறேன், இது தெரியாது.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து அவளோடு மேலே. இடுப்புயர மானாப்புல், கையெல்லாம் கீறல். பாறையடியில் வெறும் தரையில் கவுதாரிக் கூடு. பெட்டை அடைகாக்கிறது. கவி விரலால் காட்டிய பிறகும் எனக்குப் புல்தான் தெரிந்தது. அது கண் சிமிட்டியபோதுதான் பறவை. கவி மூச்சுவிடாமல் நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, சனி

மலையில் தீ. மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று யாரோ வைத்தது. மத்தியானம், காற்றும் சேர்ந்துகொண்டது. வருடா வருடம் எரிகிற மலை என்பதால் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை. கவி மட்டும் ஓடினாள். வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"புல்லுதானே, தானா வரும்."

"புல்லு வரும்ப்பா. முட்டை வராது."

அவர் கையை விட்டுவிட்டார். நான் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினேன். முழு மலை வேண்டாம், பாறையடித் துண்டு மட்டும் என்றேன். பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்கா தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு முதலில் நடந்தாள். பின்னாலேயே மற்றப் பெண்கள். கடைசியில் மண்வெட்டியோடு அவர்.

கூட்டுக்குக் கீழே தள்ளி, குறுக்காகப் புல்லை அறுத்து மண்ணைக் கொத்தினோம். எங்கே அறுப்பது என்று கவி சொல்ல, ஒரு சொல் மறுக்காமல் எல்லோரும் செய்தார்கள். தாண்டி வந்த நெருப்பைப் பச்சைக் கொப்பால் அடித்தோம். என் சேலை ஓரம் கருகியது. நெருப்பு இரண்டாகப் பிரிந்து மேலே போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

கண், தொண்டை எல்லாம் எரிச்சல். மலை முழுக்கக் கரி, நடுவில் அந்த மஞ்சள் துண்டு. நெல்லி மரங்கள் கருகியும் நிற்கின்றன. பட்டை தடிப்பு, சாகாது என்கிறாள் கவி. புல்லின் உயிரோ மண்ணுக்கு அடியில். பெட்டை திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. கவி தூரத்திலிருந்து பார்த்து அழுதாள். பீலியில் பெண்கள் "நம்ம கவுதாரி" என்று பேசிக்கொள்கிறார்கள்.

மார்ச் 22, சனி

நேற்று நல்ல மழை. கரிக்குள் பச்சை முளை. கூட்டில் ஓடுகள் மட்டும்; பொரித்துப் போய்விட்டன. ஹல்துமுல்லைக் கடையில் அரிசி நிறுக்கும்போது அவர் கடைக்கார நானாவிடம் கவுதாரியைப் பற்றி ஒரு பிரசங்கம். பின்னால் ஆட்கள் வரிசை. நான் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

பதுளை, கவியின் கெம்பஸ். இன்று அவள் ஆய்வை எல்லோருக்கும் சொல்லிக் காட்டும் நாள். பேரப்பிள்ளைக்குச் சுகமில்லை, லெச்சுமி அக்காவால் வர முடியவில்லை. வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நான் மட்டும் கடைசி வரிசையில்.

கவி இங்கிலீஷில் பேசினாள். பேச்சு பாதி புரியவில்லை, படங்கள் புரிந்தன. எங்கள் மலை, எங்கள் பாறை, சுவர் அளவுக்கு. அந்தத் துண்டு மட்டும் எப்படித் தப்பியது என்று படிப்பிக்கிற சேர் ஒருவர் கேட்டார் போல. கவி பதில் சொல்லிக்கொண்டே என் பக்கம் கை நீட்டினாள். பிறகு தமிழில்,

"அம்மா, எந்திரிங்க."

எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து நின்றேன்.